நீக்கும் உரிமை

ஜூன் 14, சனி

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு நூற்பாலையின் கடிதப் பிரிவில் இருந்தேன். ஆலை மூடியபின் ஆறு ஆண்டுகளாக இந்த லிஃப்ட் கம்பெனியில் ஒப்பந்த ஊழியன். இத்தனை ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதியிருக்கிறேன். எல்லாம் பிறர் கையெழுத்துப் போடுவதற்காக. எனக்காக எழுதும் முதல் பக்கம் இதுதான். வயது அறுபத்தேழு. சற்றுத் தாமதம்தான்.

எழுத ஒரு காரணம் உண்டு. நேற்று ஒருவரிடம் மறுத்துப் பேசினேன். ‘முடியாது’ என்று சொல்லும் அளவுக்குத் துணிவில்லை. “எழுத்தில் கொடுங்கள், செய்கிறேன்” என்றேன். என் வாயில் இரண்டும் ஒன்றுதான்.  

கேட்டவர் சர்வீஸ் மேலாளர் திவாகர். கேட்டது பொதுக் கோப்புறையின் உரிமை.

அலுவலக மின்னஞ்சலில் எல்லோரும் பார்க்கிற ஒரு பொதுக் கோப்புறை இருக்கிறது. லிஃப்ட் பழுது பார்க்கப் போகிறவர்களுக்குத் தனி அஞ்சல் கணக்கு கிடையாது. கம்பெனி டேப்லெட்டில் இருந்து நேராக இந்தக் கோப்புறையில்தான் மடல் இடுவார்கள். வேறு எங்கும் பிரதி இருக்காது. அறுபத்திரண்டு பேர் படிக்கலாம். நீக்கும் உரிமை இருவருக்குத்தான்: திவாகருக்கும் எனக்கும். கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த பெண் வேலையை விட்டுப் போகும்போது, சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் என்று என்னைக் கோப்புறையின் உரிமையாளராகப் போட்டுவிட்டுப் போனாள். எனக்கு அப்படி ஒரு தகுதி உண்டா என்று இன்றும் தெரியவில்லை.

படிக்காத மடல் தடித்த கறுப்பு எழுத்தில் இருக்கும். அறுபத்திரண்டு பேரில் ஒருவர் திறந்தாலும் எல்லோர் திரையிலும் அது வெளுத்துவிடும். கறுப்பு என்றால் வேலை காத்திருக்கிறது. வெளுத்தால் யாரோ கையில் எடுத்துவிட்டார். எழுதி வைக்காத சட்டம் இது. அதனால் நான் பதிவேட்டில் குறிக்க ஒரு மடலைத் திறந்தால், குறித்தவுடன் அதை மறுபடியும் கறுப்பாக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன்.

நடந்ததையும் எழுத வேண்டும். வியாழக்கிழமை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பி பிளாக்கில், நின்ற லிஃப்ட் நழுவியது. தண்ணீர் கேனோடு வெளியே கால் வைத்த காவலாளி நாச்சிமுத்துவின் வலது கால் இடுக்கில் மாட்டி நொறுங்கியது. மறுநாளே, பிரேக் தேய்ந்ததைத் தெரிவிக்கவில்லை என்று பழுது பார்ப்பவர் குப்புராஜை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அன்று பத்தரை மணிக்குத்தான் திவாகர் என்னிடம் உரிமையைக் கேட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

வாட்டர் ஃபில்டரில் மெழுகுவர்த்தி போல இருக்கும் உருளையை மாற்றினேன். பழையது செம்மண் நிறம். பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஜூன் மூன்றாம் தேதிப் பக்கத்தைப் பார்த்தேன். ஒழுங்காக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

வாசலில் குப்புராஜ் நின்றிருந்தார். உள்ளே விடவில்லை. நாற்பத்தேழு வயது; சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டதால் கட்டம் போட்ட சட்டையில் வேறு ஆள் போலத் தெரிந்தார்.

“சார், மூணாந்தேதியே போட்டேனுங்க. சைட்டுல இருந்தே போட்டேன். பிரேக் தேஞ்சிருச்சு, நின்ன பொறவும் ஒரு விரக்கடை நழுவுது, லிஃப்ட நிறுத்தணும், அனுமதி வேணும்னு. அப்புடியே எழுதினேன்.”

“பதில் வராமல் எப்படி விட்டீர்கள்?”

“சாயங்காலம் டேப்புல பாத்தனுங்க. வெளுத்திருந்துது. சரி, பெரியவங்க பாத்துட்டாங்க, ஆள் அனுப்புவாங்கன்னு இருந்துட்டேன். அடுத்த சைட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க.” மதில் பக்கம் பார்த்தார். “இப்ப அப்புடி ஒரு மெயிலே இல்லைங்கறாங்க. கூட வேல செஞ்சவனுகளே ‘ஏன்டா மாமா, மறந்துட்டு இப்ப கதை கட்டறியா’ங்கறான்.”

மேலே வந்து தேடினேன். மூன்றாம் தேதியில் பதினாறு மடல்கள். அவருடையது இல்லை.

சர்வீஸ் மேசையில் இருக்கும் நிலோபர், வாடிக்கையாளர் திட்டுகளை எல்லாம் வாங்கி அதே நொடியில் மறப்பவள், என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன சார், மூணாந்தேதியவே முறைச்சுப் பாக்கறீங்க? உங்க க்ளாஸ் நடந்த நாளாச்சே. கைதட்டினத நெனச்சுப் பூரிச்சுப் போறீங்களா?”

அன்று பத்து மணிக்கு, பொதுக் கோப்புறையைப் பயன்படுத்துவது எப்படி என்று அலுவலகத்தில் இருபது பேருக்கு வகுப்பு எடுத்தேன். சுவரில் திரை போட்டார்கள். வாழ்க்கையில் எனக்குக் கைதட்டியது அன்றுதான். வெங்காய சமோசாவும் காபியும் கொடுத்தார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

மூக்குக் கண்ணாடியின் திருகாணி கழன்றது. நூல் கட்டிச் சமாளித்தேன். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 18, புதன்

கோப்புறையில் நீக்கிய மடல் உடனே அழிவதில்லை. பதினான்கு நாள் ஒரு மறைவிடத்தில் கிடக்கும். அதைப் பார்க்கவும் மீட்கவும் உரிமையாளரால் மட்டுமே முடியும். அதற்குப் பிறகு யாராலும் முடியாது. இதை, வேலையை விட்டுப் போன கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் எழுதிக் கொடுத்த நான்கு பக்கக் குறிப்பில் மூன்றாம் பக்கத்தில் படித்தேன். இரண்டு முறை படித்தேன். மதியம், பாதிப் பேர் சாப்பிடப் போனபின் திறந்தேன்.

ஒரே ஒரு மடல். இட்டவர்: குப்புராஜ். வந்தது: ஜூன் 3, காலை 10.24. நீக்கியது: ஜூன் 13, காலை 8.05.

பதின்மூன்றாம் தேதி நான் உள்ளே வந்தது 9.10. நீக்கும் உரிமை இருவருக்குத்தான்.

மீட்கவில்லை. குப்புராஜ் மீதான விசாரணை முப்பதாம் தேதி. உரிய நேரத்தில், உரிய முறைப்படி செய்ய வேண்டும். முறையை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கெடு இருபத்தேழு.

ஜூன் 20, வெள்ளி

திவாகர் தாமே என் இடத்துக்கு வந்தார். இது இதற்கு முன் நடந்ததில்லை. நான் எழுந்தேன். என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

“சார், அந்த ஓனர் மேட்டர்... இன்னும் எம் பேருக்கு மாத்தலையே.”

“எழுத்தில் வரவில்லை.”

“நான்தான் நேர்ல சொல்றேனே. நம்பிக்கை இல்லையா?”

“இருக்கிறது. எழுத்தில் வந்தால் இன்னும் இருக்கும்.”

சிரித்தார். “முப்பதாந்தேதியோட உங்க ஒப்பந்தம் முடியுது இல்லையா? புதுப்பிக்கற ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. அதுலயும் எழுத்துல ஒரு கையெழுத்து வேணும் பாருங்க.”

அவர் போனபின் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் ஒரு கிழவர் தெரிந்தார். ‘எழுத்தில் வந்தால் இன்னும் இருக்கும்’ என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

மனைவி ருக்மணி கொள்ளு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

“ஏனுங்க, துருவுனதையே திருப்பித் துருவறீங்க. ஓடு தேயுது.”

“யோசனை.”

“பத்து நாளா யோசனைதான். ஆபீஸ்ல என்னவோ ஆகிப்போச்சு. ஆரு தப்பு பண்ணுனது?”

“மேலாளர் ஒரு மடலை நீக்கிவிட்டார்.”

“அதுக்கு அவரில்ல தூங்காம கெடக்கோணும்? நீங்க எதுக்குக் கெடக்கறீங்க?”

 துருவலை அம்மியில் தட்டினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. நாற்பத்தொரு ஆண்டுகளில் அவள் கேட்காமல் விட்ட கேள்விகளை எல்லாம் எண்ணினால் ஒரு பதிவேடு போதாது.

ஜூன் 25, புதன்

பேருந்து நிறுத்தத்தில் குப்புராஜ் காத்திருந்தார். எனக்காகத்தான். பேக்கரிக்குள் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்; வேலை இல்லாத மனிதர் வாங்கிக் கொடுத்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேனுங்க. நாச்சிமுத்து அண்ணன் மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அந்த அண்ணன் கையால எத்தன தடவ மோர் வாங்கிக் குடிச்சிருக்கேன். அவரு சம்சாரம், ‘தெரிஞ்சுமா சாமி விட்டே’ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டுது.” டம்ளரைச் சுழற்றினார். “என்ற ஊட்டுக்காரியும் நேத்து கேட்டா. ‘நெசமாவே போட்டியா, இல்ல போட்டேன்னு நெனச்சுக்கிட்டியா’ன்னு. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குதுங்க சார். போட்டனா?”

போட்டீர்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் டீ இருந்தது.

“நாளைக்குப் பார்ப்போம்” என்றேன்.

அவர் தலையாட்டினார். பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். இடம் காலியாக இருந்தது.

ஜூன் 26, வியாழன்

காலை 9.15. மறைவிடத்தைத் திறந்தேன். மடலின் மேல் சொடுக்கினேன். மீட்கவா என்று கேட்டது. ஆம்.

அவ்வளவுதான். எட்டு நாள் நான் பயந்த வேலைக்கு மூன்று நொடி ஆனது. மடல் ஜூன் மூன்றாம் தேதிக்குக் கீழே தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வெளுத்திருந்தது. இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை விசாரணை நடத்தப்போகும் வக்கீலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், அனுப்புநர் பெயரோடு. ஒன்று என் பையில்.

பதினொரு மணிக்குள் தளம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நிலோபர் ஓடி வந்தாள்.

“சார்! பாடையில போனவன் எந்திரிச்சு வந்து காபி கேட்ட மாதிரி இருக்கு! யாரு கொண்டுவந்தது?”

“நான்தான்.”

“நீங்களா?” ஏற இறங்கப் பார்த்தாள். “ஸ்டேப்ளர் பின் வாங்கறதுக்கே அஞ்சு நிமிசம் தயங்குவீங்களே சார்!”

குப்புராஜுக்குத் தொலைபேசினேன். “போட்டிருக்கிறீர்கள்” என்றேன். 

ஜூன் 27, வெள்ளி

திவாகர் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தினார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். காபி வரவழைத்தார்.

“நல்லதாப் போச்சு சார், கிடைச்சது. இப்ப சிம்பிளா முடிச்சிடலாம். சாஃப்ட்வேர் கோளாறு. மடல் வந்திருக்கு, ஆனா யார் ஸ்கிரீன்லயும் தெரியல. யாருமே திறக்கல. கம்பெனிக்குத் தகவலே வரலன்னு ஆயிடும். குப்புராஜ் மேல தப்பில்ல, திங்கக்கிழமையே உள்ள வந்துடலாம். உங்க ஃபைல்லயும் கையெழுத்துப் போட்டுடறேன். கோப்புறைக்கு ஓனர் நீங்க. கோளாறுன்னு நீங்க சொன்னா அதுதான் கடைசி வார்த்தை.”

“நீக்கியது?”

“கை தவறிப் பட்டிருக்கும்.”

“காலை எட்டு ஐந்துக்கா?”

அவர் காபியைக் கீழே வைத்தார். “சார், உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த மடல யார் திறந்தாங்கன்னு எனக்கும் ஞாபகம் இருக்கு. முதல் வரிசையில உட்கார்ந்திருந்தேன்.”

இனி இங்கும் எழுதாமல் இருப்பதில் பயனில்லை.

மூன்றாம் தேதி வகுப்பின் நடுவில், 10.24க்கு, திரையில் ஒரு புது மடல் கறுப்பாக வந்து விழுந்தது. “இதோ, கேட்டது போலவே ஓர் உதாரணம்” என்றேன். திறந்தேன். “பாருங்கள், நான் ஒருவன் திறந்தேன், அறுபத்திரண்டு பேருக்கும் வெளுத்துவிட்டது. இனி இதை யாரும் தேட மாட்டார்கள். அதுதான் ஆபத்து” என்று விளக்கினேன். அந்த மடல் சுவர் அகலத்துக்கு அரை நிமிடம் நின்றது. இருபது பேர் பார்த்தார்கள். யாரும் படிக்கவில்லை, உதாரணத்தை யார் படிப்பார்கள்? நான் படித்தேன். ‘லிஃப்ட்டை நிறுத்தணும்.’ வகுப்பு முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்து அதைக் கறுப்பாக்கிக் காட்ட வேண்டும். அதற்குள் சமோசா வந்தது. யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். நான் வணக்கம் சொன்னேன்.

மறுநாள் காலை கறுப்பாக இருந்தவற்றை மட்டும் பதிவேட்டில் ஏற்றினேன். அதனால்தான் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது.

ஜூன் 28, சனி

ருக்மணியிடம் எல்லாம் சொன்னேன். வெண்டைக்காயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப இத்தன நாளா முழுங்கிட்டு இருந்தது இதத்தானா?”

“கோளாறு என்று சொல்லிவிட்டால் குப்புராஜுக்கு வேலை கிடைக்கும். எனக்கும் இருக்கும்.”

“கால் போனவருக்கு?”

“யாரும் திறக்கவில்லை என்றால் கம்பெனிக்குத் தெரியாது என்று ஆகும். தெரியாதவன் மேல் எப்படி வழக்குப் போடுவார்?”

“அட, கெட்டிக்காரனுக.” ஒரு முற்றலை ஒடித்துப் பார்த்துத் தூக்கி எறிந்தாள். “வேல போனாப் போகுது. நாப்பது வருசத்துல எந்த முதலாளி உங்கள நிம்மதியா ஒரு நா தூங்க விட்டான்? போயிச் சொல்லிட்டு வாங்க. குரல் மட்டும் கம்மிப் போகாமப் பாத்துக்குங்க.”

வாக்குமூலத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டிலும் ‘தவறுதலாக’ என்ற சொல் இருந்தது. மூன்றாவதில் எடுத்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

விசாரணை. கூட்ட அறை. வெளியிலிருந்து வந்த வக்கீல் அம்மா நடுவில். ஒரு பக்கம் குப்புராஜ், எதிரில் திவாகர், தட்டச்சு செய்ய ஒரு பெண். வகுப்பில் திரை போட்ட அதே சுவர்.

“இந்த மடலை மீட்டது நீங்கள்தானா?”

“ஆம்.”

“நீக்கியது யார்?”

“நீக்கும் உரிமை இருவருக்கு. நான் நீக்கவில்லை. நீக்கிய நேரத்தில் நான் கட்டடத்திலேயே இல்லை. வருகைப் பதிவில் இருக்கிறது.”

திவாகர் இருமினார். “மேடம், தொழில்நுட்பக் கோளாறுன்னு சார் ஒரு விளக்கம் தருவார்.”

வக்கீல் அம்மா என்னைப் பார்த்தார். “அப்படியா? இந்த மடல் யார் திரையிலும் தெரியவில்லையா?”

“தெரிந்தது. இந்தச் சுவரில் தெரிந்தது. ஜூன் மூன்று, காலை 10.24. திறந்தவன் நான். படித்தேன். பொருள் புரிந்தது. மீண்டும் படிக்கப்படாததாக மாற்றாமல் விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னோடு இந்த அறையில் இருபது பேர் இருந்தார்கள். வகுப்பின் வருகைத் தாள் இதோ. முதல் கையெழுத்து சர்வீஸ் மேலாளருடையது.”

என் குரல் கம்மியது. ஆனால் நிற்கவில்லை.

“சார் சொன்ன கடைசி அஞ்சு வரி வேண்டாம்” என்றார் திவாகர், தட்டச்சுப் பெண்ணைப் பார்த்து. “அது வழக்குக்குத் தேவையில்லாதது. உணர்ச்சிவசப்படறார். வயசாச்சு.”

“ஒரு வரியும் எடுக்கக் கூடாது” என்றேன். மேசையில் என் கை பட்டது. ஓங்கிப் பட்டது போலச் சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நானும்தான் திடுக்கிட்டேன். “எடுத்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். கையெழுத்துப் போட்டதைத் தவிர வேறு எதையும் நான் சொன்னதாக யாரும் சொல்லக் கூடாது.”

ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். நான்கு பக்கம். என் பெயர்: செ. சென்னியப்பன்.

வெளியே தாழ்வாரத்தில் குப்புராஜ் நின்றார். அவருக்கு நாளையே வேலை என்று வக்கீல் அம்மா சொல்லிவிட்டார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

“நீங்கதானா சார்?”

“ஆம்.”

“பேக்கரியில ‘போட்டனா’ன்னு கேட்டேன். அப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

என்னையே பார்த்தார். “உள்ள பேசினது பெரிய விசயந்தானுங்க. ஆனா அந்த டீயக் குடிச்சுட்டு எப்புடிப் போனீங்க?” பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனார். லிஃப்ட் திறந்து நின்றது, அதில் ஏறவில்லை.

அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை 1, செவ்வாய்

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று மடல் வந்திருந்தது. பையை எடுக்கப் போனேன். உரிமையாளராக எனக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அறுபத்திரண்டு பேருக்கும் படிக்கும் உரிமை, எழுதும் உரிமை அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். நீக்கும் உரிமையை எடுத்துவிட்டேன். திவாகரிடமிருந்தும் எடுத்தேன், என்னிடமிருந்தும் எடுத்தேன். கடைசியாகப் பொதுமேலாளர் பெயருக்கு உரிமையை மாற்றினேன். அவர் வேண்டுமானால் திருப்பித் தரலாம். தன் பெயரில் செய்யட்டும்.

“இனிமே எவனாலயும் எதையும் மறைக்க முடியாதா சார்?” என்றாள் நிலோபர்.

“மறைக்கலாம். கொஞ்சம் கஷ்டப்பட்டு.”

ஜூலை 2, புதன்

அரசு மருத்துவமனை, எலும்பு முறிவு வார்டு, பதினான்காம் கட்டில். நாச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். கால் தொங்கவிடப்பட்டிருந்தது. அவர் மனைவி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

மடலின் பிரதியையும் என் முகவரி எழுதிய தாளையும் கொடுத்தேன். வழக்குப் போட்டால் சாட்சிக்கு என்னைக் கூப்பிடச் சொன்னேன்.

“நீங்க ஆருங்க?”

“அந்தக் கம்பெனியில் இருந்தவன். இந்த மடலை முதலில் திறந்தவன்.”

அவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“படிச்சீங்களா?”

“படித்தேன்.”

“வெளங்குச்சா?”

“விளங்கியது.”

 காலால் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க. என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவரு முழிக்கட்டும். அவருகிட்டயே சொல்லுங்க.”

எழுந்து போக வழி இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. உட்கார்ந்தேன்.

நாலு பத்துக்கு நாச்சிமுத்து கண் விழித்தார். நான் எழுந்து நின்றேன்.